தண்ணீரின் கணக்கைக் கேட்போம்

தொழிற்சாலைகளை அளப்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். அந்த வாரியத்தை அளப்பது யார், எதைக் கொண்டு? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எழ வேண்டிய கேள்வி இது.

மருத்துவமனைகளில் காயத்தின் மேல் சுற்றும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி. விசைத்தறியிலிருந்து இறங்கும்போது அந்தத் துணி வெள்ளையாக இருப்பதில்லை. பழுப்பு நிறமும் கஞ்சிப் பசையும் பருத்தியின் இயற்கை மெழுகும் அதில் ஒட்டியிருக்கும். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, ஹைப்போகுளோரைட்டிலோ ஹைட்ரஜன் பெராக்சைடிலோ வெளுத்து, பலமுறை அலசிய பிறகுதான் அது ரத்தத்தை உறிஞ்சும் துணியாகிறது. ஒவ்வோர் அலசலுக்கும் தண்ணீர் வேண்டும். அலசி முடித்த தண்ணீர் காரமும் உப்புமாக வெளியே வரும்.

அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்படுகிறதா, எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அது. ஊர் வழக்கில் ‘பொல்யூஷன் போர்டு’. நூற்பாலை, சலவைப் பட்டறை, சிமென்ட் ஆலை, கல்குவாரி, மருத்துவமனை, நகராட்சிக் குப்பைக்கிடங்கு எல்லாம் இதன் பார்வைக்குள் வருகின்றன. இந்த வாரியம் தன் வேலையைச் செய்தால் இரண்டு ஊர்களும் பிழைக்கும். செய்யாவிட்டால் தொழிலும் விவசாயமும் குடிநீரும் ஒன்றாகவே கெடும். ஆனால் அது வேலையைச் செய்கிறதா என்பதை அளக்க நம்மிடம் இன்றுவரை உருப்படியான அளவுகோல் இல்லை.

மலையடிவாரத்தின் பலவீனம்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிய ஊர்கள். அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீரை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கிக் குடிப்பது ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. இந்த மலைக்காடுகள் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. காப்பகத்தின் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். காட்டைக் காப்பதற்கு வனத்துறை இருக்கிறது. காட்டை விட்டுத் தண்ணீர் இறங்கிய பிறகு அதைக் காக்கும் முதல் பொறுப்பு வாரியத்தினுடையது.

மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து, வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகின்றன. வைப்பாறு வற்றாத ஆறு அல்ல. வடகிழக்குப் பருவமழை முடிந்த சில மாதங்களில் மணல்தான் மிஞ்சும். இந்த வட்டாரத்தின் அடிப்படை பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஓடும் ஆறு கழிவை ஓரளவு கரைத்துக் கொண்டுபோகும். கண்மாய்க்கு அந்த வசதி இல்லை. அதில் விழுந்தது அங்கேயே தங்கும், வெயிலில் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பின் அடர்த்தி கூடும், பிறகு மெல்லக் கிணற்றுக்குள் இறங்கும். காவிரிக் கரையில் சிறிய தவறாகக் கடந்து போவது, கரிசல் காட்டில் ஒரு தலைமுறையின் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் மாசடைந்த ஆற்றுப்பகுதிகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2018 பட்டியலில் தமிழ்நாட்டின் 6 ஆறுகளும், 2022 பட்டியலில் 10 ஆறுகளும் இடம்பெற்றன. காவிரி, பவானி, தாமிரபரணி, பாலாறு எல்லாம் உண்டு, வைப்பாறு இல்லை. இதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. எங்கே, எத்தனை முறை மாதிரி எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்ததே இப்படிப்பட்ட பட்டியல். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுக்கும், ஊரணிக்கும், கண்மாய்க்கும் அந்த அளவுகோல் பொருந்தவும் பொருந்தாது.

வரப்போகும் சுமையும் பெரியது. இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையவிருக்கிறது. வேலைவாய்ப்பு வரட்டும், நெசவுத் தொழில் வளரட்டும். ஆனால் இருக்கும் ஆலைகளையே பார்த்துக்கொள்ள முடியாத வாரியம், புதிதாக வரும் சாயத் தொட்டிகளை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்ற கேள்விக்குப் பூங்கா திறக்கும் முன்பே விடை வேண்டும்.

எதை எண்ணுகிறோம்?

வாரியத்தின் அன்றாட வேலை இசைவாணையில் தொடங்குகிறது. ஓர் ஆலையை நிறுவ ஓர் இசைவாணை, இயக்க இன்னோர் இசைவாணை. மாசுத் திறனைப் பொறுத்துத் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரிக்கப்பட்டுள்ளன. துணி வெளுப்பதும் சாயம் போடுவதும் சிவப்பு. வெளியேறும் நீரின் காரஅமிலத்தன்மை 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும், நீர்நிலையில் விடும்போது கரிமக் கழிவைக் காட்டும் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் வரம்புகள் உண்டு. மீறினால் காரணம் கேட்கும் நோட்டீஸ், பிறகு மின்இணைப்பைத் துண்டிக்கும் உத்தரவு வரை அதிகாரம் உண்டு.

வாரியம் தன் வேலையைப் பற்றிச் சொல்லும்போது எண்களாகத்தான் சொல்லும். எத்தனை இசைவாணை, எத்தனை ஆய்வு, எத்தனை மாதிரி, எத்தனை நோட்டீஸ். எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டுகளை எண்ணி ஒரு மருத்துவரைப் பாராட்டிவிட்டு, நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்காமல் போவதற்குச் சமம் இது. நமக்குத் தெரிய வேண்டியது, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட அந்தக் கண்மாயின் தண்ணீர் தேறியதா, கெட்டதா என்பதுதான்.

இந்த வேறுபாடு வெறும் தத்துவம் அல்ல என்பதைக் குஜராத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. பொருளியல் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்த மாநில வாரியத்தோடு சேர்ந்து நடத்தியவை அவை. 2013இல் வெளியான முதல் ஆய்வில், ஆலை தானே தேர்ந்தெடுத்துத் தானே கூலி கொடுக்கும் தணிக்கையாளர், மாசு அளவை வரம்புக்குச் சற்றுக் கீழே இருப்பதாகவே தொடர்ந்து எழுதி வந்தது தெரிந்தது. தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் அனுப்பி, பொது நிதியிலிருந்து கூலி கொடுத்து, அவர் எடுத்த அளவை மறுபடி சோதித்தபோது பொய் பெருமளவு குறைந்தது. அதோடு ஆலைகள் வெளியேற்றிய மாசும் குறைந்தது. 2018இல் வெளியான இரண்டாவது ஆய்வில், ஆலைகளில் வாரியம் நடத்தும் கள ஆய்வுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பார்த்தார்கள். மாசு பெரிதாகக் குறையவில்லை. கூடுதலாக நடந்த ஆய்வுகள் மிக மோசமான ஆலைகளைக் குறிவைத்துப் போகவில்லை என்பதே காரணம். ஆய்வு எண்ணிக்கை கூடுவதாலேயே தண்ணீர் தெளிந்துவிடாது.

சட்டத்திலும் ஒரு சாய்வு இருக்கிறது. இசைவாணைக்கு விண்ணப்பித்து நான்கு மாதங்களுக்குள் வாரியம் பதில் சொல்லாவிட்டால், இசைவாணை வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது 1974 சட்டத்தின் 25ஆம் பிரிவு. வாரியத்தின் மௌனம் ஆலைக்கு அனுமதியாகிறது. தன் கிணறு கெட்டுப்போனதாக மனு கொடுக்கும் விவசாயிக்கு அந்தச் சட்டத்தில் இப்படி ஒரு கெடு கிடையாது. அவருடைய மனுவின் மேல் நிலவும் மௌனம் எத்தனை ஆண்டு நீண்டாலும் அவருக்குச் சாதகமாக எதுவும் நடந்துவிடாது. வாரியத்தின் செயல்திறனைப் பற்றிய பேச்சு இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாமதத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்?

வாரியம் உரிய நேரத்தில் செயல்படாதபோது என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே போதுமான பாடங்கள் உண்டு.

பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஆலைகள் பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அதை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆனால் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே வேலூர்ப் பகுதியின் அதே தோல் கழிவு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். அன்று வாலிபராக இருந்த விவசாயி இன்று முதியவர். தீர்ப்பு இருந்தது, விதிகள் இருந்தன, வாரியமும் இருந்தது. தண்ணீர் மட்டும் திரும்பி வரவில்லை.

நொய்யல் ஆற்றில் நடந்ததைத் திருப்பூர் மறக்காது. சாயக்கழிவு தேங்கியதால், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே விவசாயிகளுக்கு எதிரியானது. அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று ஆயக்கட்டுக்காரர்களே மன்றாடும் நிலை வந்தது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பின், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் நின்றன, தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே ஆலைகள் திரும்ப இயங்கின.

சத்திரப்பட்டியின் தறிக்காரர்களும் பட்டறை உரிமையாளர்களும் உற்றுப் பார்க்க வேண்டிய பாடம் திருப்பூர்தான். வாரியம் பத்தாண்டுகள் கண்டும் காணாமல் இருப்பது தொழிலுக்குச் செய்யும் உதவி போலத் தோன்றும். ஒருநாள் நீதிமன்றம் ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் மூடும். அன்று ஒழுங்காகச் சுத்திகரித்தவரும் ஏமாற்றியவரும் சேர்ந்தே பூட்டுப் போடுவார்கள். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு வாரியத்தின் கண்டிப்பே பாதுகாப்பு. சிறு பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு வசதியும் கடனும் கேட்டுப் போராடுவது நியாயம். கண்காணிப்பே வேண்டாம் என்பது தற்கொலை.

தூத்துக்குடியின் பாடம் இன்னும் கசப்பானது. 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோது, முறையாகப் புதுப்பிக்கப்பட்ட இசைவாணை இல்லாமலே ஆலை சில காலம் இயங்கியதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மே 28 அன்று ஆலையை மூட அரசாணை வந்தது. மக்கள் தெருவுக்கு வராமலே, உரிய நேரத்தில், உரிய அலுவலகத்தில் தீர்ந்திருக்க வேண்டிய ஒன்று அது. ஒழுங்குமுறை அமைப்பின் மீது நம்பிக்கை போன ஊரில் எந்த அறிக்கையையும் யாரும் நம்புவதில்லை.

வாரியத்தின் பக்கமும் உண்டு

பழியை வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரின் மேசையில் வைத்துவிட்டு நகர்வது நியாயமாகாது. நாடெங்கும் மாநில வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாக இருந்த நிலையைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் திரும்பத் திரும்பக் கண்டித்துள்ளன. ஆளில்லாமல் ஆய்வு நடக்காது. பணியிடத்தை நிரப்பாத அரசும் பதில் சொல்ல வேண்டியதே.

தலைமைப் பதவிகளுக்கும் இது பொருந்தும். மாநில வாரியங்களின் தலைவர், உறுப்பினர் நியமனங்களுக்குத் தகுதி வரையறைகளை ஆறு மாதங்களுக்குள் உருவாக்கும்படி 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் சொன்னது. இந்தத் துறையின் அறிவோ அனுபவமோ இல்லாதவர்கள் பதவியில் அமர்ந்த வரலாறுதான் அந்த உத்தரவுக்குக் காரணம்.

வாரியத்தின் வருவாயில் பெரும்பகுதி ஆலைகள் கட்டும் இசைவாணைக் கட்டணம். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களிடமிருந்தே வருமானம். இதில் முறைகேடு இருந்தே தீரும் என்பதில்லை. ஆனால் இப்படி அமைந்த ஒரு நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒரு தணிக்கை கட்டாயம் தேவை. சட்டப்படி வாரியத்தின் வரவு–செலவு தணிக்கை செய்யப்படுகிறது. அதன் வேலைக்கும் அப்படி ஒரு தணிக்கை ஆண்டுதோறும் நடக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஊர்களில் நீர்நிலையைக் கெடுப்பதில் ஆலைக்கு முன்னால் நிற்பது ஊரின் சாக்கடை. ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகத் தோண்டியதன் சிரமம் அனைவருக்கும் தெரியும். அந்தத் திட்டத்தின் பலனை அளக்க வேண்டியது குழாய் நீளத்தில் அல்ல, கண்மாய்க்கு வரும் தண்ணீரில். தனியார் பட்டறையிடம் கண்டிப்பாகவும் நகராட்சியிடம் தயக்கமாகவும் நடக்கும் வாரியத்தால் எந்த ஊரையும் காக்க முடியாது.

அதிகாரம் போதவில்லை என்ற காரணமும் இனி எடுபடாது. மாசுபடுத்தியவரிடம் சுற்றுச்சூழல் இழப்பீடு வசூலிக்க மாநில வாரியங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

கையில் இருக்கும் சாவிகள்

1974 சட்டமும் பின்னால் வந்த சட்டங்களும் மக்களுக்குச் சில கதவுகளைத் திறந்தே வைத்திருக்கின்றன. அவற்றை நாம் தட்டிப் பார்த்ததே குறைவு.

முதலாவது, 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு. ஒவ்வொரு கழிவுநீர் வெளியேற்றத்துக்கும் விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கழிவுநீரால் பாதிக்கப்பட்டவரோ, அதில் அக்கறை உள்ளவரோ உரிய நேரத்தில் போய் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம். வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் பட்டறை என்ன நிபந்தனையின் பேரில் இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை, கிழக்கே கிணறு வைத்திருப்பவருக்கு அரை நூற்றாண்டாகவே இருக்கிறது.

இரண்டாவது, 39ஆம் பிரிவு. வாரியம் தன் ஆண்டறிக்கையை நிதியாண்டு முடிந்த நான்கு மாதங்களுக்குள், அதாவது ஜூலை இறுதிக்குள், அரசுக்கு அனுப்ப வேண்டும். அரசு அதை ஒன்பது மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் இறுதிக்குள், சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தனித்தனிச் சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அந்த அறிக்கை வந்ததா, அதில் நம் வட்டாரத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைக் கேட்பது வாக்காளரின் வேலை.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. கடைசி மூன்று ஆண்டுகளில் இந்தக் கண்மாயில் மாதிரி எடுத்த தேதிகள், ஆய்வக முடிவுகள், அதன் பேரில் எடுத்த நடவடிக்கை, இந்த மூன்றை மட்டும் கேட்டால் போதும். “மாசு இருக்கிறதா?” என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். தேதியும் எண்ணும் கேட்டால் தேதியும் எண்ணுமே வர வேண்டும்.

நான்காவது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த ஆறு மாதங்களுக்குள் போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மனு கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து, காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர்.

தகவலை வெளியிடுவதில் தமிழ்நாடு வாரியம் கடைசி வரிசையில் இல்லை. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2021இல் மாநில வாரியங்களின் வெளிப்படைத்தன்மையை மதிப்பிட்டபோது தமிழ்நாடு முன்வரிசையில் வந்தது. அந்த அடித்தளம் இருப்பதால்தான் அடுத்த படிக்கு ஏறச் சொல்கிறோம்.

வாரியத்துக்கு மேல் ஒரு வாரியம்

இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கென ஒரு தனி அலுவலகம் அமைத்தார்கள். ஆலைகளைச் சோதிப்பது அதன் வேலை அல்ல. அரசுத் துறைகளும் ஒழுங்குமுறை அமைப்புகளும் சுற்றுச்சூழல் சட்டத்தின்படி நடக்கின்றனவா என்று பார்ப்பதே அதன் வேலை. தண்ணீர் நிறுவனங்கள் ஆறுகளில் சாக்கடையைத் திறந்துவிட்ட விவகாரத்தில், 2024 டிசம்பரில் அந்த அலுவலகம் தன் முடிவைச் சொன்னது. சுற்றுச்சூழல் துறை, சுற்றுச்சூழல் முகமை, தண்ணீர் ஒழுங்குமுறை ஆணையம் மூன்றுமே தங்கள் சட்டக் கடமையில் தவறின என்பதே அந்த முடிவு. கழிவை விட்டவரோடு, அதைத் தடுக்கத் தவறிய அலுவலகமும் கடமை தவறியதாகப் பெயர் சொல்லப்பட்டது.

நம் நாட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் நீதிமன்றங்களே நிற்கின்றன. நீதிமன்றம் சேதம் நடந்த பிறகு வருவது. ஆண்டுதோறும், புகார் வந்தாலும் வராவிட்டாலும், வாரியத்தின் வேலையை அளக்கும் சுதந்திரமான தணிக்கை தமிழ்நாட்டுக்கு வேண்டும். சட்டமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை தருவதாக அது இருக்க வேண்டும்.

இரண்டு ஊர்கள் தொடங்கி வைக்கலாம்

அப்படி ஒரு தணிக்கைக்கான சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்கள் வாரியத்தின் விருதுநகர் மாவட்ட அலுவலகத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை இன்றே வைக்கலாம்.

ஒன்று, இரண்டு வட்டாரங்களிலும் உள்ள முக்கியமான கண்மாய்களையும், சலவைப் பட்டறைகளுக்கு அருகிலுள்ள கிணறுகளையும் பட்டியலிட்டு, மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை மாதிரி எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஊர்க்காரர்கள் உடனிருக்க வேண்டும்.

இரண்டு, அந்த முடிவுகளை முந்தைய ஆண்டுகளின் எண்ணோடு சேர்த்து, எளிய தமிழில், ஊராட்சி அலுவலகத்திலும் நகராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

மூன்று, வரும் ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்து, இசைவாணைக்கு இருப்பதுபோல் ஒரு கெடு வைத்து, அதற்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும்.

நான்கு, தனியார் ஆலைக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோலால் நகராட்சிக் கழிவுநீரையும் குப்பைக்கிடங்கையும் அளந்து, முடிவை வெளியிட வேண்டும்.

ஐந்து, ஆண்டுதோறும் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்காகக் கூடும் கிராம சபைகளில் வாரியத்தின் பொறியாளர் நேரில் வந்து, அந்த ஆண்டின் கணக்கைச் சொல்ல வேண்டும். நகராட்சி வார்டுகளின் பகுதி சபைகளிலும் அப்படியே.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. ஒரு பொறியாளர் மக்கள் முன் நின்று, “போன ஆண்டு உங்கள் கண்மாயில் உப்பு இவ்வளவு இருந்தது, இந்த ஆண்டு இவ்வளவு, இந்தக் காரணத்தால், இதைச் செய்திருக்கிறோம்” என்று சொல்லும் நாளில்தான் வாரியம் மக்களுடையதாகும். நேர்மையான அதிகாரிக்கு அதைவிடப் பெரிய பலமும் கிடையாது. மேலிருந்து வரும் அழுத்தத்தை எதிர்க்க அவருக்கு ஊரின் சாட்சியம் வேண்டும்.

அடுத்த மார்ச் 22க்கு இன்னும் நாள் இருக்கிறது. விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்களும், தறிச் சங்கங்களும், கல்லூரி மாணவர்களும் சேர்ந்து ஒரு பொது மனுவை எழுதி, இந்த ஐந்தையும் கிராம சபைத் தீர்மானமாக்கி, அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம். தீர்மானம் பதிவான பிறகு எந்த அலுவலகமும் கேள்வியே வரவில்லை என்று சொல்ல முடியாது.